ரோபோ நாயின் மூளை எங்கே இருக்கிறது?

2024 டிசம்பரில், மாக்ஸி என்ற குழந்தைகளுக்கான ரோபோவைத் தயாரித்த அமெரிக்க நிறுவனமான எம்பாடீட் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. எதிர்பார்த்திருந்த முதலீடு கைநழுவிவிட்டது, நிறுவனத்தை மூடுகிறோம், இணையத்தின் மறுமுனையில் மாக்ஸிக்காக வேலை செய்யும் கணினியான சர்வர் நின்றதும் மாக்ஸி பேசாது என்பதுதான் அதன் சாரம். 799 டாலருக்கு விற்ற பொருள். மோட்டாரில் கோளாறில்லை, பேட்டரி நன்றாக இருக்கிறது, முகம் ஒளிர்கிறது. ஆனாலும் ஒரு நாள் குழந்தை கூப்பிட்டால் பதில் வராது. காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருக்கும் பொருளை எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் எப்படி நிறுத்த முடியும் என்று பெற்றோர் குழம்பியதில் வியப்பில்லை.

இன்னொரு பக்கம், 1998-ல் வந்த ஃபர்பி பொம்மையைப் பரணிலிருந்து இறக்கி நான்கு பென்டார்ச் பேட்டரி போட்டால், பெரும்பாலும் கண்ணைத் திறந்து பேச ஆரம்பித்துவிடும். 35 டாலருக்கு விற்ற பொம்மை கால் நூற்றாண்டு தாண்டி நிற்கிறது, 799 டாலர் ரோபோ சில ஆண்டுகளில் ஊமையாகிறது. இந்த வித்தியாசம் தரத்தால் வந்ததல்ல. மூளையை எங்கே வைத்தார்கள் என்பதால் வந்தது.

அதைப் புரிந்துகொள்ள ரோபோ பொம்மையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

## உள்ளே இருக்கும் நான்கு

எந்த ரோபோ பொம்மையானாலும் அதில் நான்கு பகுதிகள் உண்டு.

1. உணர்விகள்: கேமரா, மைக், தொடுபட்டை, சாய்வைக் கண்டறியும் சுவிட்ச், தூரம் அளக்கும் அகச்சிவப்பு உணர்வி.
2. இயக்கிகள்: மோட்டாரும் அதோடு சேர்ந்த பல்சக்கரங்களும்.
3. மின்சாரம்: பேட்டரி, அதன் பாதுகாப்புச் சுற்று, சார்ஜர்.
4. மூளை: உணர்வி சொல்வதைக் கேட்டு அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் நிரல்.

முதல் மூன்றும் கட்டாயம் பொம்மைக்குள்தான் இருக்க முடியும். நான்காவதை மட்டும் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். பொம்மைக்குள் வைக்கலாம், உங்கள் கைபேசியில் வைக்கலாம், நிறுவனத்தின் சர்வரில் வைக்கலாம்.

## ஒரே மோட்டார்: ஃபர்பி

டைகர் எலக்ட்ரானிக்ஸ் 1998-ல் வெளியிட்ட ஃபர்பியின் ரோமத்தை உரித்துப் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கும். கண் இமை, காது, வாய், ஆடும் பாதம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு மோட்டார். அந்த மோட்டார் ஒரு தண்டைச் சுழற்றுகிறது. தண்டில் வெவ்வேறு வடிவத்தில் மேடுபள்ளமான வட்டுகள் கோத்திருக்கும். ஒரு வட்டின் மேடு இமையைத் தள்ளும், இன்னொன்றின் மேடு வாயைத் திறக்கும், மற்றொன்று காதைத் தூக்கும். தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதுதான் ஃபர்பியின் முகபாவம். தூங்கும் முகம் ஒரு கோணம், பேசும் முகம் ஒரு கோணம். மோட்டார் முன்னும் பின்னும் சிறிது ஆடினால் வாய் திறந்து மூடுகிறது. எவ்வளவு சுற்றியது என்பதைத் துளையிட்ட சிறு சக்கரத்தின் வழியே ஒளியை விட்டு எண்ணிக்கொள்கிறது.

மூளை ஒரு சின்னச் சில்லு. ஃபர்பி முதலில் தன் சொந்த மொழியில் பேசும், நாளாக ஆக ஆங்கிலச் சொற்கள் கூடிக்கொண்டே போகும். வீட்டில் பேசுவதைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறது என்றே பலர் நம்பினார்கள். 1999-ல் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, ரகசியப் பேச்சைத் திருப்பிச் சொல்லிவிடுமோ என்று தன் வளாகத்துக்குள் ஃபர்பியைத் தடை செய்தது. உண்மையில் ஃபர்பியால் ஒரு சொல்லைக்கூடப் பதிவு செய்ய முடியாது. எந்தச் சொல் எப்போது வர வேண்டும் என்பது தொழிற்சாலையிலேயே எழுதி வைக்கப்பட்டது. வெளியே எதையும் கேட்கத் தேவையில்லாததால்தான், தயாரித்த நிறுவனம் கைமாறிய பிறகும் அது பேசிக்கொண்டிருக்கிறது.

## வயிற்றில் மூளை: சோனியின் ஐபோ

வீட்டுக்குள் வந்த முதல் உண்மையான நடமாடும் ரோபோ என்று சோனியின் ஐபோவைச் சொல்லலாம். இஆர்எஸ்-110 என்ற முதல் மாடல் 1999 ஜூன் 1-ல் இணையத்தில் விற்பனைக்கு வந்தது. விலை 2,50,000 யென். ஜப்பானுக்கென ஒதுக்கிய 3,000 நாய்களும் 20 நிமிடத்தில் தீர்ந்தன.

அதில் 18 அசைவுப் புள்ளிகள். காலுக்கு மூன்று வீதம் பன்னிரண்டு, தலைக்கு மூன்று, வாய்க்கு ஒன்று, வாலுக்கு இரண்டு. ஃபர்பியின் ஒரு மோட்டாரோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். ஒவ்வொரு மூட்டும் தனித்தனி சர்வோ. சர்வோ என்பது மோட்டார், வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பல்சக்கர அடுக்கு, மூட்டு இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும் உணர்வி ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு கட்டு. போகச் சொன்ன கோணமும் வந்து சேர்ந்த கோணமும் ஒத்துப்போகும்வரை மோட்டார் திருத்திக்கொண்டே இருக்கும்.

மூளை முழுவதும் உடலுக்குள்தான். நாயின் குணமும் நினைவும் மெமரி ஸ்டிக் என்ற அட்டையில் இருந்தன. அட்டையைக் கழற்றினால் நாய்க்கு நினைவில்லை. அதே மாடலின் இன்னோர் உடலில் அந்த அட்டையைப் போட்டால் பழகிய நாய் புது உடலில் எழுந்து வரும். உரிமையாளர் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஓர் அட்டையில் அதன் சுபாவம் இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த வரலாற்றில் ஒரு கிளைக்கதை முக்கியம். 2001-ல், ஐபோபெட் என்ற புனைபெயரில் இயங்கிய ஒருவர் ஐபோவுக்குப் புதிய நடனங்களையும் கட்டளைகளையும் எழுதிப் பகிர்ந்தார். சோனி பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி அவற்றை நீக்கச் சொன்னது. ஐபோ வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், சோனி பின்வாங்கியது. 2002-ல் ஐபோவுக்கு நிரல் எழுதும் கருவித்தொகுப்பைச் சோனியே இலவசமாக வெளியிட்டது. ரோபோகப் கால்பந்துப் போட்டியின் நான்குகால் பிரிவில் 2008 வரை பல்கலைக்கழக அணிகள் ஐபோக்களை வைத்தே ஆடின. உற்பத்தி நின்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய ஐபோவுக்குப் புதிதாக எதையாவது கற்றுக்கொடுக்க முடிகிறதென்றால், அன்று திறந்த அந்தக் கதவுதான் காரணம்.

## உடல் எப்படிப் பழுதாகிறது

2006-ல் சோனி ஐபோ உற்பத்தியை நிறுத்தியது. அதுவரை விற்றவை ஏறத்தாழ 1,50,000. பழுதுபார்ப்பு 2014 மார்ச்சோடு நின்றது. சோனியின் முன்னாள் பொறியாளர் நொபுயுகி நொரிமாட்சு தொடங்கிய ஏ-ஃபன் என்ற சிறு நிறுவனம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. புதிய பாகங்கள் கிடைக்காது. ஒரே வழி, இனி வேண்டாம் என்று ஒப்படைக்கப்படும் ஐபோக்களிலிருந்து பாகங்களை எடுத்து மற்றவற்றுக்குப் பொருத்துவது. உறுப்பு தானம் என்றே அதைச் சொல்கிறார்கள். பிரிப்பதற்கு முன்னால் சீபா மாகாணம் இசுமியில் இருக்கும் கோஃபுகுஜி பௌத்தக் கோயிலில் அவற்றுக்கு ஈமச்சடங்கு நடக்கும். நாய்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சீட்டுக் கட்டி, துறவி சூத்திரம் ஓதுவார். 2018 ஏப்ரலில் மட்டும் 114 ஐபோக்களுக்குச் சடங்கு நடந்தது. வேடிக்கைச் செய்தியாக உலகம் இதைப் படித்தது. ஆனால் இதற்குள் கறாரான ஒரு நடைமுறை இருக்கிறது. சடங்கு முடிந்த பிறகுதான் திருப்புளி எடுக்கிறார்கள். அந்தக் குடும்பம் மனதார விட்டுக்கொடுத்த பாகம் இன்னொரு வீட்டு நாயை நடக்க வைக்கிறது.

எதெல்லாம் கெட்டுப்போகிறது? ஐபோவில் மட்டுமல்ல, எல்லா ரோபோ பொம்மைகளிலும் பழுதுகள் ஏறக்குறைய இவைதான்.

1. கழுத்துக் கிளட்ச். குழந்தை தலையைப் பிடித்துத் திருகினால் பல் உடையாமலிருக்க, சர்வோவுக்குள் வழுக்கிக்கொடுக்கும் ஒரு கிளட்ச் வைப்பார்கள். வயதாக ஆக அதன் பிடி தளரும். மோட்டார் சுற்றும், தலை தூங்கி விழும். ஐபோ இஆர்எஸ்-210-ல் இது அவ்வளவு சகஜம், 'தலைதொங்கல் நோய்' என்று உரிமையாளர்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மோட்டார் சத்தம் கேட்டும் தலை நிமிராவிட்டால் கிளட்ச், சத்தமே இல்லாவிட்டால் மோட்டாரோ வயரோ என்று முதலில் பிரித்துக்கொள்ளலாம்.

2. பல்சக்கரம். ஓடிக்கொண்டிருக்கும்போது காலைப் பிடித்து நிறுத்துவதுதான் பல் தேய முதல் காரணம். 'டக் டக்' என்று ஒரே இடத்தில் தாவும் சத்தம் வந்தால் ஒரு பல் போய்விட்டது என்று பொருள். அதற்கு மேல் ஓட்டினால் பக்கத்துச் சக்கரமும் போகும்.

3. கோண உணர்வி. பழைய சர்வோக்களில் இது ரேடியோவின் வால்யூம் குமிழ் போன்ற ஒரு மின்தடை. தேய்ந்த இடத்தில் அளவு தாறுமாறாக வரும், மூட்டு நடுங்கும். நடுக்கம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் வந்தால் சந்தேகம் இதன்மேல்தான்.

4. மூட்டுக்குள் ஓடும் பட்டை வயர். ஆயிரக்கணக்கான முறை மடங்கியதில் உள்ளே செம்பு இழை விரிசல் விடும். கையால் காலைத் தூக்கிப் பிடித்தால் வேலை செய்யும், விட்டால் நிற்கும்.

5. பசபசக்கும் ரப்பர். மென்மையாக இருக்கப் பூசிய பாலியூரித்தேன் மேல்பூச்சும் சில வகை ரப்பரும் காற்றின் ஈரத்தை வாங்கிச் சிதையும், கையில் ஒட்டும். ஜப்பானின் கோடை ஈரத்திலேயே இது நடக்கிறது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம் நடக்கும். பூச்சு மட்டும் கெட்டிருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து எடுத்துவிடலாம். முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள்.

6. பேட்டரி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

லித்தியம்-அயான் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. பயன்படுத்தாமல் போட்டு வைத்தாலும் அது மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். அதன் பிறகு சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு. அதனால்தான் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜ் ஏற மறுக்கிறது. 'பூட்டை உடைத்து' ஏற்றும் குறுக்கு வழிகளை நம்பாதீர்கள். இரண்டு செல் கொண்ட 7.2 அல்லது 7.4 வோல்ட் பேட்டரி பேக்கின் உள்ளே செல் முனைகளை மல்டிமீட்டரில் அளந்து, மொத்தம் 5 வோல்ட்டுக்குக் கீழ் காட்டினால் அந்தச் செல்களை மறந்துவிடுங்கள். வெளிமுனையில் பூஜ்யம் காட்டுவதை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது, சுற்று துண்டித்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். செல்லை மாற்ற, பேட்டரி பேக் கட்டித் தரும் அனுபவமுள்ளவரிடம் போங்கள். உப்பியிருந்தால் பிரிக்கவே வேண்டாம்.

எடுத்து வைக்கும்போது பாதிச் சார்ஜில், பொம்மையிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள். பென்டார்ச் பேட்டரி பொம்மைகளில் கசிவுதான் எதிரி. தகட்டில் படியும் வெள்ளைப் பொடி காரத்தன்மை உள்ளது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு துளி பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது பேட்டரி போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இந்த ஆறில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் இருக்கிறது. பாகம் வேண்டும், பொறுமை வேண்டும், தெரிந்த கை வேண்டும். அடுத்து வரும் நோய்க்கு இவை மூன்றும் இருந்தும் போதாது.

## மூளை வெளியே போன கதை

ஆன்கி நிறுவனத்தின் இரண்டு ரோபோக்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும்.

காஸ்மோ, 2016. உள்ளங்கையளவு வண்டி. முகம் பார்ப்பது, விளையாடுவது, கோபப்படுவது எல்லாவற்றையும் கணக்கிட்டது வைஃபையில் இணைந்த கைபேசி ஆப். மூளை உங்கள் கைபேசியில்.

வெக்டர், 2018. அதே வடிவம், ஆனால் கணினிச் சில்லு உள்ளேயே. மேசை விளிம்பில் விழாமல் நிற்பதும் முகத்தைக் கண்டுபிடிப்பதும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதும் உள்ளுக்குள் நடந்தன. அழைத்த பிறகு நீங்கள் சொல்லும் கட்டளை மட்டும் சர்வருக்குப் போய்ப் புரிந்துகொள்ளப்பட்டுத் திரும்பியது. பாதி மூளை உள்ளே, பாதி வெளியே.

2019 ஏப்ரலில் ஆன்கி மூடப்பட்டது. காஸ்மோ ஆப் இருக்கும்வரை ஓடியது. வெக்டர் வைத்திருந்தவர்களுக்குத்தான், சர்வர் எத்தனை நாள் நிற்கும் என்ற கவலை வந்தது.

அதே ஆண்டு ஜீபோவின் முடிவும் வந்தது. 2014-ல் கூட்டுநிதி திரட்டி, 2017-ல் 899 டாலர் விலையில் வெளிவந்த மேசை ரோபோ. தன் சர்வர்கள் சீக்கிரம் அணைக்கப்படும் என்பதை ஜீபோவே தன் குரலில் சொன்னது, தன்னை வீட்டில் வைத்துக்கொண்டதற்கு நன்றியும் சொன்னது. மாக்ஸியில் பிற்பாடு உரையாடல் பெரிய மொழி மாதிரிகளின், அதாவது சாட்ஜிபிடி போன்றவற்றுக்குப் பின்னால் இருக்கும் நிரல்களின், கைக்குப் போய்விட்டது. அவற்றை ஒரு பொம்மையின் சில்லில் ஓட்டவே முடியாது.

குழந்தை ஒரு கேள்வி கேட்டதும் இத்தகைய ரோபோவில் என்ன நடக்கிறது?

1. அழைப்புச் சொல்லை ரோபோவே கண்டுகொள்கிறது.
2. அடுத்து வரும் குரல் பூட்டிட்ட வழியில் சர்வருக்குப் போகிறது.
3. அங்கே குரல் எழுத்தாகிறது.
4. எழுத்தைப் படித்து மொழி மாதிரி பதிலை உருவாக்குகிறது.
5. பதில் குரலாகி, உடலசைவுக் குறிப்போடு திரும்பி வருகிறது.

இரண்டு முதல் ஐந்து வரை ஒவ்வொரு கேள்விக்கும் நிறுவனத்துக்குச் செலவு. பொம்மையை விற்ற காசு ஒருமுறைதான் வரும், செலவோ மாதாமாதம். புது விற்பனையோ சந்தாவோ முதலீடோ நின்றால் கணக்கு உதைக்கும். மாக்ஸிக்கு நடந்தது அதுதான்.

## வேறொரு சர்வரைக் காட்டினால் போதாதா?

நியாயமான கேள்வி. போதாது. ரோபோ தன் சர்வரை அடையாளம் காணச் சான்றிதழ் கேட்கிறது. நிறுவனத்தின் ரகசியச் சாவியால் கையெழுத்திட்ட சான்றிதழ் இல்லையென்றால் பேச மறுக்கும். உள்ளிருக்கும் மென்பொருளை மாற்றலாம் என்றால் அதற்கும் நிறுவனத்தின் கையெழுத்து வேண்டும். இது சூழ்ச்சியல்ல. அந்தப் பூட்டு இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் உங்கள் குழந்தையின் ரோபோவுக்குள் நுழைந்து பேச முடியும். பூட்டு சரி, சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். நிறுவனம் மறையும்போது சாவியும் மறைகிறது.

மறையாமல் இருந்த இரண்டு இடங்களைப் பார்க்கலாம். ஆன்கியின் சொத்துகளை டிஜிட்டல் ட்ரீம் லேப்ஸ் வாங்கியது. வெக்டர் வீட்டிலுள்ள ஒரு கணினியையே சர்வராக ஏற்கும்படி, கையெழுத்திட்ட ஒரு மென்பொருளை வெளியிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு ஆர்வலர்கள் வயர்-பாட் என்ற இலவச நிரலை எழுதினார்கள். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியிலோ பழைய கணினியிலோ அதை ஓட்டினால், வெக்டர் வீட்டு வைஃபைக்குள் அந்தக் கணினியைத் தேடிப் பிடித்து, குரலை அதனிடம் கொடுத்துவிடும். குரல் வீட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. என் கணிப்பில் இந்தத் துறையில் நடந்த மிக நல்ல காரியங்களில் இது ஒன்று.

மாக்ஸியிலும் மூடுவிழாவுக்கு முன்பே இதுபோல் ஒரு முயற்சி நடந்தது. ஓபன்மாக்ஸி என்ற பெயரில், வீட்டுக் கணினியோடு பேச அனுமதிக்கும் வழி வெளியிடப்பட்டது. ரோபோ அதற்கான புதுப்பிப்பைப் பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் அணைத்து வைத்திருந்தவர்களுக்கு அந்த வண்டி போய்விட்டது. மொழி மாதிரிக்கான கட்டணத்தை இனி வீட்டுக்காரரே கட்ட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

## வெளியே இருக்கும் மூளையால் நன்மையே இல்லையா?

இருக்கிறது. சோனி 2018 ஜனவரி 11-ல் வெளியிட்ட புதிய ஐபோ இஆர்எஸ்-1000-ஐப் பாருங்கள். 22 அசைவுப் புள்ளிகள், விழிகளுக்கு இரண்டு ஓஎல்இடி திரைகள், மூக்கில் ஒரு கேமரா, வால் பக்கம் வீட்டை வரைபடமாக்கும் இன்னொரு கேமரா. வெளியானபோது உடல் விலை வரி நீங்கலாக 1,98,000 யென். அதற்கு மேல் மூன்றாண்டுச் சந்தா மொத்தமாகக் கட்டினால் 90,000 யென், மாதத் தவணையில் 2,980. நாயின் வளர்ச்சியும் நினைவும் சோனியின் சர்வரில். நாய் கீழே விழுந்து நொறுங்கினாலும் நினைவு போகாது. பழைய ஐபோவில் அட்டை தொலைந்தால் எல்லாம் தொலைந்தது.

2023-ல் சோனி ஒரு வளர்ப்புப் பெற்றோர் திட்டம் தொடங்கியது. சந்தாவை முடித்துக்கொண்டவர்கள் தரும் ஐபோக்களைச் சீர்செய்து மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களுக்கு அனுப்புகிறார்கள். பாகங்களுக்காகப் பிரிக்காமல் முழு நாயாகவே அடுத்த இடத்துக்குப் போவது நல்ல முன்னேற்றம். ஆனால் சோனி என்றைக்காவது இந்த மாடலின் சர்வரை நிறுத்தினால் ஏ-ஃபன் போன்ற ஒரு பட்டறை கிளட்சை மாற்றித் தரலாம், நினைவை மாற்றித் தர முடியாது.

முகத்தையும் குரலையும் வெளியே அனுப்புவதில் வேறு ஆபத்தும் உண்டு. 2017-ல் கிளவுட்பெட்ஸ் என்ற கரடிப் பொம்மையின் தரவுத்தளம் கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது தெரியவந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள், பெற்றோரும் பிள்ளைகளும் பேசி அனுப்பிய 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குரல் பதிவுகள். அதே ஆண்டு ஜெர்மனியின் கூட்டாட்சி வலையமைப்பு முகமை, கெய்லா என்ற பேசும் பொம்மையை மறைமுக உளவுக் கருவி என்று வகைப்படுத்தித் தடை செய்தது, வாங்கியவர்கள் அழித்துவிடும்படியும் சொன்னது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் சோனி ஐபோவை விற்கவே இல்லை. முக அடையாளத்தைச் சேகரிப்பதற்கு அங்குள்ள சட்டம் கடுமையான நிபந்தனைகள் வைத்திருக்கிறது, ஐபோவோ முகத்தைப் பார்த்துத்தான் வீட்டாரைப் பழகுகிறது.

## வாங்கும் முன்

1. வைஃபையை அணைத்துவிட்டால் என்னென்ன வேலை செய்யும் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். விற்பவருக்குத் தெரியாவிட்டால், இணையத்தில் இருக்கும் பயன்பாட்டுக் கையேட்டில் 'இணைய இணைப்பு அவசியம்' என்ற வரியைத் தேடுங்கள். ஜப்பானியச் சந்தையிலேயே இரு வகையும் கிடைக்கின்றன. கேசியோ 2024 நவம்பரில் 59,400 யென்னுக்கு விட்ட மோஃப்ளின் என்ற ரோமப் பந்து, ஆப் இல்லாமலும் வாழும். தலையில்லாமல் வால் மட்டும் ஆட்டும் மெத்தையான கூபோவுக்கு இணையமே வேண்டாம். முதியோருக்கென உருவான பாரோ என்ற கடல்நாய்க்குட்டி (சீல்) ரோபோவும் தன் தொடு உணர்விகளையும் உள்மூளையையும் வைத்தே பிழைக்கிறது.

2. சந்தாவைச் சேர்த்து மூன்றாண்டு விலையைக் கணக்கிடுங்கள். வெளியானபோது புதிய ஐபோவின் உண்மை விலை வரி நீங்கலாகவே 2,88,000 யென்.

3. பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் பொருள்களுக்கு இந்தக் காலத்தை அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். அங்கு விற்கும் பொருளானால் அந்த அறிவிப்பைத் தேடி எடுக்கலாம்.

4. பேட்டரியைத் திருகு கழற்றி மாற்ற முடியுமா, ஒட்டி வைத்திருக்கிறார்களா?

5. ஜப்பானிலிருந்து உறவினர் வாங்கி வருவதானால் சார்ஜரின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். '100-240' என்றிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். '100' மட்டும் இருந்தால் நம் ஊர் 230 வோல்ட்டில் செருகிய உடனே கருகும், வோல்ட்டேஜ் இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சர்வரோடு பேசும் ரோபோவானால் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கணக்குத் தொடங்க அனுமதி உண்டா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். தனியாக எடுத்து வரும் லித்தியம் பேட்டரியை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

## மூடும் அறிவிப்பு வந்துவிட்டால்

இங்கே வரிசை முக்கியம்.

1. பெட்டியில் தூங்கும் ரோபோவை அன்றைக்கே எடுத்துச் சார்ஜ் ஏற்றி வைஃபையில் இணையுங்கள். கடைசிப் புதுப்பிப்பு வந்தால் முழுவதும் ஏறும்வரை அணைக்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் மென்பொருள் சிதைந்துவிடும், அதனால் சார்ஜரிலேயே வைத்திருங்கள்.
2. பிறகு எந்தக் காரணத்துக்காகவும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பாதீர்கள் (ஃபேக்டரி ரீசெட்). மறுபடி பதிவு செய்யச் சர்வர் வேண்டும், அப்போது அது இருக்காது. நன்றாக இருந்த ரோபோக்கள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.
3. படங்கள், காணொளிகள், குரல் பதிவுகளைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.
4. ஆப் இருக்கும் பழைய கைபேசியைப் புதுப்பிக்காமல் தனியே எடுத்து வையுங்கள். ஆப் கடையிலிருந்து ஆப் மறைந்த பிறகு அதுதான் ஒரே பிரதி.
5. அதே ரோபோவை வைத்திருப்பவர்கள், வீட்டுக் கணினியையே சர்வராக்கும் உள்ளூர் சர்வர் வழி ஏதாவது உருவாக்குகிறார்களா என்று தேடி, அவர்கள் சொல்லும் மென்பொருள் பதிப்பு எண்ணோடு உங்களுடையதை ஒப்பிட்டுப் பாருங்கள்.
6. சந்தாவின் தானியங்கிப் பணப்பிடித்தத்தை வங்கி அட்டையில் நிறுத்துங்கள். கணக்கை அழிக்கக் கோரிக்கை அனுப்புவதானால், உள்ளூர் சர்வரில் ரோபோ ஓடுகிறது என்று உறுதியான பிறகே அனுப்புங்கள்.
7. எதுவும் கைகூடாவிட்டால் குப்பையில் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மின்கழிவு மையத்தில் கொடுங்கள். உடலை, அதே மாடலைப் பழுதுபார்ப்பவர் யாரிடமாவது கொடுங்கள். உங்களிடம் ஊமையாக நிற்கும் ரோபோவின் கழுத்துக் கிளட்ச் இன்னொருவருக்குத் தேவைப்படும்.